வாசலில் நின்றவர்கள்

வடசென்னையின் பழைய சாராயக்கடைகளை உள்ளே உட்கார்ந்தவர்கள் ஒரு விதமாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளியே காத்திருந்தவர்கள் வேறு விதமாக. இரண்டு பக்கமும் நின்று பார்த்த ஒரு மில் தொழிலாளியின் மகன் எழுதுகிறார்.

சம்பள நாளன்று மில் சங்கு ஊதியதும் அம்மா எனக்குத் தலைவாரி விடுவார். "போய் நைனாவை இட்டுனு வா. காசு கேக்காத. கண்ணுல படுற மாதிரி நில்லு, அது போதும்." எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. புளியந்தோப்பில் எங்கள் சந்துக்கும் பி அண்ட் சி மில்லுக்கும் நடுவே இருந்தது அந்தச் சாராயக்கடை. எந்த வழியாக வந்தாலும் அதைத் தாண்டாமல் வீடு சேர முடியாது என்று நைனா சத்தியம் செய்வார். இன்னொரு வழி இருப்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

கீற்றுக் கொட்டகை. வாசலுக்குக் கோணித்திரை. தண்ணீர் தெளித்துத் தெளித்து இறுகிப்போன மண்தரை. உட்கார நீள பெஞ்சு இரண்டு. அது போதாத நாட்களுக்கு, மில்லிலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்ட மரப்பெட்டிகள். நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று. ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் ஒரே வயதுக் கிழவர்களாகத் தெரிவார்கள். முகத்தைப் பார்த்து நைனாவைத் தேடிப் பயனில்லை. இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

கல்லாவுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர். அதில் கரித்துண்டால் போட்ட கடன் கணக்கு. நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. பெயர் எழுதும் வழக்கமில்லை. ஆளுக்கொரு படம்: ஒருவருக்கு மீசை, ஒருவருக்கு மீன், ஒருவருக்கு சைக்கிள் சக்கரம். நைனாவுக்கு நூல்கண்டு. படிக்கத் தெரியாதவரும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளலாம். போலீஸ்காரரோ மனைவியோ வந்து பார்த்தால் மீசை யாருடையது, மீன் யாருடையது என்று தெரியாது. அப்படித்தான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "இன்னாப்பா, அரிசிக் காசு எங்க?" நைனா முணுமுணுத்துக்கொண்டே சம்பளக் கவரைப் பிரிப்பார். கடைக்காரர் இரண்டு ஐம்பது ரூபாய்த் தாள்களை எடுத்து, தினத்தாள் துண்டில் மடித்து, என் டவுசர் பைக்குள் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திவிடுவார். "நேரா ஊட்டுக்கு ஓடு. எவனாவது கூப்ட்டா திரும்பிப் பாக்காத." அதன் பிறகுதான் ஊற்றுவார்.

பேட்டையில் இதைச் சொன்னால் இன்றும் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். "அந்த மாதிரி கடைக்காரனை இனிமே பாக்க முடியாது." நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

திறப்பதும் மூடுவதும்

எங்கள் பேட்டை மில்லைச் சுற்றி வளர்ந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓடத் தொடங்கியவை. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போன காக்கித் துணி இங்கே நெய்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. 1921 வேலைநிறுத்தத்தில் இந்தத் தெருக்கள் இரண்டுபட்டு ரத்தம் பார்த்தன. எட்டு மணிநேரம் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்தவன் வெளியே வந்ததும் தொண்டையை நனைக்க எதையாவது தேடுவான். அது என்ன, எங்கே என்பதை மட்டும் அரசாங்கம் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தது.

ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. என் தாத்தாவின் தலைமுறை அதற்குப் பிறகு கடையையே பார்க்காமல் குடித்தது.

1971 ஆகஸ்ட் 30 முதல் கலைஞர் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. வேண்டாம் என்று கேட்பதற்காகத் தள்ளாத வயதில் ராஜாஜி கொட்டும் மழையில் கலைஞர் வீட்டுக்கே போனதை இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். நைனாவுக்கு அப்போது இளவயது. மில்லில் வேலை கிடைத்ததும் சாராயக்கடை திறந்ததும் ஒரே வருஷம் என்று ஏதோ ராசிப்பொருத்தம் போலச் சொல்வார். கள்ளுக்கடைகள் 1973-லும் சாராயக்கடைகள் 1974-லும் மூடப்பட்டன. 1977-இல் ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆர். முதலில் மதுவிலக்கை இறுக்கினார். 1981 மே மாதம் அவரே கடைகளைத் திறந்தார். நான் தலைவாரிக்கொண்டு போய் நின்றது அந்தக் கடையில்தான். அங்கே எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கும் சிவாஜி ரசிகர்களுக்கும் வாரம் ஒரு கைகலப்பு நடக்கும். குடிக்காத நாயகன் என்று பெயரெடுத்த தலைவரின் பேரைச் சொல்லி, அவருடைய அரசாங்கம் திறந்த கடையில், கிளாஸ் உடையும்.

1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மறுபடி தடைசெய்யப்பட்டன. 1990-இல் மலிவு விலை மது என்ற பெயரில் ஒரு வடிவம் வந்தது. 1991-இல் ஜெயலலிதா பதவியேற்ற கையோடு அதை ஒழித்தார். ஒரே ஆயுளில் ஒரு மனிதன் இத்தனை முறை குற்றவாளியாகவும் வாடிக்கையாளராகவும் மாறி மாறி இருந்திருக்கிறான். அவன் கையில் இருந்த கிளாஸ் மட்டும் மாறவில்லை.

கடை இல்லாத நாட்கள்

மூடியிருந்த வருஷங்களைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். ஆயா மட்டும் எப்போதாவது வாய் திறப்பார். ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்தில் புதர் மண்டிய இடங்களில் ஊறல் போட்டது, வெல்லமும் வேலம்பட்டையும் பானையில் நாள் கணக்கில் புளித்தது, லாரி டியூப்பில் சரக்கு வந்து இறங்கியது, மாமூல் வாங்கிப் போனவரே மறுநாள் பானையை உடைக்க வந்தது. ஒரு கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அது வார்னிஷ் கதை.

காய்ச்சிய சரக்கும் கிடைக்காத நாட்களில் மர வேலைக்கு வாங்கும் வார்னிஷைச் சிலர் குடித்தார்கள். பாலிஷ் போட அரக்கைக் கரைக்கும் எரிசாராயத்தில், ஆட்கள் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே நஞ்சு கலந்திருப்பார்கள். மெத்தனால் வயிற்றுக்குள் போனால் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதல் அடி கண் நரம்புக்கு விழும். காலையில் எழுந்து, "இன்னும் விடியலயா?" என்று கேட்டவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கித்தான் ஆயா நிறுத்துவார். அவர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. தாத்தாவின் தம்பி ஒருவர் கண் தெரியாமல் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இது பழங்கதை இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் அதே வேலையைச் செய்தது. கருணாபுரத்தை உலுக்கிய அந்த விஷச் சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழ்நாடு முழுக்க அரசாங்கக் கடை திறந்திருந்த காலம் அது.

கடற்கரைக் குப்பங்களின் வழி வேறு. காசிமேட்டில் அத்தை வீட்டுக்குப் போகும்போது சுண்டக்கஞ்சி பார்த்திருக்கிறேன். சோற்றை மூடிவைத்து நாள் கணக்கில் புளிக்கவிட்டு வடித்த வெள்ளைக் கஞ்சி. ராத்திரி முழுக்க வலையோடு கிடந்து விடிகாலையில் கரை ஏறுகிறவர்களுக்குப் பசியும் அடங்கும், உடம்பு வலியும் மறக்கும். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடோ வறுத்த கடம்பாவோ இருக்கும். செய்வதும் விற்பதும் பெண்கள். கடன் கேட்டால் வலையில் என்ன விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

ஆடுதொட்டியும் அடுப்பும்

புளியந்தோப்பு சாராயக்கடைகளுக்கு மற்ற பேட்டைகள் பலவற்றுக்கும் இல்லாத ஒரு வசதி இருந்தது. ஆடு வெட்டும் ஆடுதொட்டி பக்கத்திலேயே. ஊரின் பல பக்கங்களுக்கும் கறி இங்கிருந்து போனது. நல்ல கறி வெளியே போய்விடும். தலை, கால், குடல், ரத்தம், சுவரொட்டி எல்லாம் பேட்டைக்குள்ளேயே தங்கும். அதை வைத்துத்தான் கடைவாசலில் ஓர் அடுப்பு எரிந்தது.

அந்த அடுப்புக்கு உரியவர் எங்கள் சந்தின் ஒரு விதவை. எங்களுக்குப் பெரியம்மா முறை. விடிவதற்கு முன்னால் ஆடுதொட்டிக்குப் போய் குடலை வாங்கி வருவார். அதைச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை. உள்ளே வெளியே புரட்டி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, மறுபடி தேய்ப்பார். கையை முகர்ந்து பார்ப்பார்; வாசம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஏராளமாக மிளகு. சாயங்காலம் ஐந்து மணிக்கு, போட்டி என்று நாங்கள் சொல்லும் அந்தக் குடல் வறுவலின் வாசனை மில் கேட் வரைக்கும் போகும். சங்குச் சத்தத்தைவிட அதற்குத்தான் ஆட்கள் வேகமாக நடப்பார்கள் என்று நைனா சொல்வார்.

மந்தார இலையில் ஒரு கரண்டி போட்டி, பக்கத்தில் ரத்தப் பொரியல், அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுத்து மேலே உப்பு மிளகாய்த்தூள். காசு இல்லாதவனுக்கு மாங்காய்ப் பத்தை. பெரியம்மா யாரையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கோணித்திரைக்கு வெளியே கை நீண்டால் இலை போகும், காசு வரும். எந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது முறை அதே கை நீண்டால், "போட்டி தீந்துச்சு, ஊட்டுக்குப் போ" என்பார். சட்டியில் போட்டி இருக்கும்.

அந்த அடுப்பில்தான் அவர் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். குடியால் புருஷனைப் பறிகொடுத்தவர் அவர். அதே குடிகாரர்களுக்கு வறுத்துப் போட்டுத்தான் பிழைத்தார். இதை யாராவது சொல்லிக் காட்டினால் அவருக்குக் கோபம் வராது. "அவங்க வாயில வெறும் வயித்தோட ஊத்திக்கினு போறத நான் தடுக்குறேன்ல" என்று அடுப்பை ஊதுவார்.

கட்டிங்

1987 பிறந்ததும் கீற்றுக்கொட்டகை பிரிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் மெயின் ரோட்டில் ஒயின்ஷாப்புகள் வந்தன. பிராந்தி, ரம், விஸ்கி. நைனா அதைக் கடைசிவரை "இங்கிலீஷ் சரக்கு" என்றுதான் சொன்னார். நாக்கில் ஒட்டவில்லை என்றார், ஆனாலும் குடித்தார்.

நான் உள்ளே போனது இந்தக் காலத்தில். 1996-இல் பி அண்ட் சி மில் ஒரேயடியாக மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நேரம் அந்தச் சங்கில்தான் ஓடியது. சங்கு நின்றபிறகு எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதே தெரியாமல் சந்தில் ஆட்கள் நடமாடினார்கள். நெசவுக்காரர்கள் வாட்ச்மேன் ஆனார்கள், ரிக்‌ஷா மிதித்தார்கள், மகன்களின் ஆட்டோவைத் துடைத்தார்கள். கையில் முழு குவாட்டருக்குக் காசு இல்லை. அங்கேதான் கட்டிங் என்பதன் அருமை தெரிந்தது.

குவாட்டர் என்றால் 180 மில்லி. அதை இரண்டாகப் பங்கு போட்டால் ஆளுக்குத் தொண்ணூறு, அதுதான் கட்டிங். ஒயின்ஷாப் வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பார். வாயைத் திறக்க வேண்டியதில்லை. விரல் ஒன்றை மடித்துக் காட்டினால் போதும். முன்பின் தெரியாத இரண்டு பேர் சில்லறையை ஒரே உள்ளங்கையில் கொட்டி எண்ணுவார்கள். பாட்டில் வந்ததும் ஒருவர் ஊற்றுவார், மற்றவர் முதலில் எடுப்பார். ஊற்றியவன் ஏமாற்ற முடியாது. இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று தெரியாது. மீறியவனோடு மறுபடி யாரும் கட்டிங் போட மாட்டார்கள்.

ஒரு மழைநாளில் எனக்குக் கட்டிங் கிடைத்த ஆள் திரும்பினார். மீசையும் மீனும் போட்டிருந்த அதே பழைய சுவரின் கடைக்காரர். முடி நரைத்து, கண்ணாடி தடித்திருந்தது. இப்போது எங்கேயோ லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறாராம். என்னை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த கப்பை மெதுவாகக் கீழே வைத்தார். "நூல்கண்டு புள்ளையா நீ?" என்றார். பதில் சொல்வதற்குள் எழுந்து மழையிலேயே போய்விட்டார். அவர் பங்குத் தொண்ணூறு மில்லியும் மேஜையில் அப்படியே இருந்தது. குடித்தேனா இல்லையா என்று சொல்ல மாட்டேன்.

கம்பிக்குப் பின்னால் ஒரு கை

டாஸ்மாக் 1983-லேயே மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய நிறுவனம். 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. தனியார் ஒயின்ஷாப்புகள் மறைந்தன. முதல் நிதியாண்டான 2003-04-இல் மது மூலம் அரசுக்கு வந்தது சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24-இல் அது 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. மதுவை ஒழித்த நட்டத்தைச் சமாளிக்க வரி போட்ட மாநிலம், இப்போது மதுவின் வரியால் திட்டங்கள் நடத்துகிறது. 2016, 2017, 2023 என்று மூன்று தவணைகளில் 500, 500 கடைகளாக மூடினார்கள். திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டுக்குப் போனது. பேட்டையில் ஒரு கடை மூடினால் அடுத்த கடையில் வரிசை நீளும்.

போன மாதம் எங்கள் பழைய கடை இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் நின்று பார்த்தேன். இரும்புக் கம்பி. அதற்குள் ஒரு சின்ன ஓட்டை. காசு வைத்திருக்கும் கை உள்ளே போகிறது, பாட்டிலோடு வெளியே வருகிறது. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவனின் மணிக்கட்டு வரைக்கும்தான் தெரியும். பக்கத்து பாரில் பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட். யாரும் யாரோடும் பேசவில்லை. குடிப்பதைவிட வேகமாகக் கிளம்புவதில்தான் எல்லோருக்கும் குறி. ஒரு பையன், பத்து வயதிருக்கும், எதிர்ப்பக்கம் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். யாருக்காக என்று கேட்கவில்லை. தலை நன்றாக வாரிவிடப்பட்டிருந்தது.

அவன் டவுசர் பைக்கு ஊக்குக் குத்திவிட அங்கே யாரும் இல்லை என்று எனக்குள் ஓர் ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதைச் சொன்னேன். எண்பதைக் கடந்துவிட்டார். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைக்காரர் மாதிரி இப்ப யாரும் இல்லம்மா. அரிசிக் காசை எடுத்துக் குடுத்துட்டுத்தானே ஊத்துவாரு?"

அம்மா நிமிரவில்லை. "நூறு ரூபா குடுத்தான். மிச்சம் எவ்ளோன்னு என்னிக்காவது எண்ணுனியா நீ?"

நான் எண்ணியதில்லை. அம்மா எண்ணியிருக்கிறார். கோணித்திரை காற்றில் விலகும்போதெல்லாம் வாசலில் நின்று சுவரைப் பார்த்திருக்கிறார். நூல்கண்டுக்குக் கீழே எத்தனை கட்டு என்பது மாசாமாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. படம் யாருடையது என்று மனைவிகளுக்குத் தெரியாது என்று அந்த ஆண்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்!

"கடையை மூடுற அன்னிக்கு நம்ம ஊட்டாண்ட வந்தான்" என்றார் அம்மா. "முப்பத்தேழு ரூபா பாக்கின்னான். அவன் கடையா அது? ஏலம் எடுத்தவனுக்கு அவன் கணக்கு சொல்லணும். பாவம்தான். ஒங்க நைனா பின்னாடி வழியா ஓடிட்டாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். அண்டா அடியில வெச்சிருந்தேன். ஆனா ஒடனே குடுக்கல." உருவிய காம்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். "உள்ள வான்னும் கூப்புடல. துணி தொவச்சேன், தண்ணி புடிச்சேன், ஒல வெச்சேன். அரை மணி நேரம் வாசல்லயே நின்னான். நான் எத்தினி வருசம் அவன் வாசல்ல நின்னிருப்பேன்?"

கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.